ஐஸ் பெட்டியில் இல்லாத பார்சல்கள்

அத்தியாயம் 12

புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து பெரியம்மா வான்ஜென்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பாள். பதில் வருவதற்குள் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

காரணம் கீலுங் துறைமுகத்து மீன் சந்தை முழுக்கத் தெரியும். தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைநகர் தாய்ப்பேயில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை வரையும் வான்ஜென், தன்னை வளர்த்த பெரியம்மாவையே புத்தகத்தில் நண்டாக வரைந்துவிட்டாள். முழு நண்டு என்றாலும் பரவாயில்லை. மேலே பெரியம்மாவின் முகம், அதே சுருட்டை முடி, அதே பூப்போட்ட மேலங்கி. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு கொடுக்கு. வலது கொடுக்கில் கரண்டி.

'கூரை மேல் ஒரு கப்பல்' என்பது புத்தகத்தின் பெயர். பயறு என்று ஒரு சின்னப் பெண். அவளுடைய அம்மா கப்பலேறி வேலைக்குப் போய்விடுகிறாள். அம்மா அனுப்பும் பார்சல்களை நண்டுப் பெரியம்மா ஐஸ் பெட்டியில் மீனுக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். பயறு மீன் கூடைகளைச் சேர்த்துக் கூரைமேல் கப்பல் கட்டுகிறாள். முதல் பாகம் அத்துடன் நிற்கிறது.

வான்ஜென்னின் அம்மாவும் அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஜப்பானின் ஒகினாவாவுக்குக் கப்பலேறியவள்தான். அதன்பிறகு சேதி ஒன்றும் இல்லை. அப்பா அதற்கும் முன்னாலேயே இல்லாமல் போனவர். தங்கை மகளைத் தன் மகளாக வளர்த்தது பெரியம்மா சியுகிம்.

புத்தகம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பாகத்தின் முடிவைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். வான்ஜென் போன வாரம்தான் அதைத் தீர்மானித்திருந்தாள். கப்பல் மூழ்கிவிடும். அம்மா திரும்ப மாட்டாள். "துணிச்சலான முடிவு" என்று பதிப்பகத்து அம்மாள் போனில் பாராட்டினாள். அந்தப் பாராட்டு வான்ஜென்னுக்கு ஏனோ இனிக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். புத்தகத்தில் வரும் இடங்களை நேரில் பார்க்க வேண்டுமாம். முதல் இடம் பெரியம்மாவின் மீன் உருண்டைக் கடை.

"இவ்வளவு தூரம் ஒத்துக்கிட்டதே பெரிசு" என்றான் போஹான். பெரியம்மாவின் ஒரே மகன். கடையில் பாதி வேலை செய்வான், மீதி நேரம் வேலை செய்வதைப் பற்றிப் பேசுவான். "அம்மா நேத்து முடி சுருட்டிக்கிட்டு வந்தாங்க, பாத்தியாக்கா? கோவமா இருக்கறவங்க முடி சுருட்டிக்குவாங்களா?"

"டேய், முள்ளங்கியை நறுக்குடா. வாயை நறுக்காத" என்றாள் பெரியம்மா அடுப்பின் பின்னாலிருந்து.

வான்ஜென் மெதுவாகக் கிட்டே போனாள். "பெரியம்மா, பிள்ளைங்க ஏதாவது ஏடாகூடமாக் கேட்டா மனசுல வெச்சுக்காதீங்க. கதைதானே."

பெரியம்மா அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். கோபமான பார்வை என்று சொல்ல முடியாது. ஏதோ கேட்க வாயெடுத்தவள் போல இருந்தாள்.

"கதைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

*

மழையங்கி போட்ட பிள்ளைகள் மஞ்சளும் நீலமுமாக வந்து கடையை அடைத்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் புத்தகம். சிலருடையதில் சூப்புக் கறை ஏற்கனவே இருந்தது.

"சத்தம் போடாதீங்க. முதல்ல வணக்கம் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"வணக்கம் நண்டுப் பெரியம்மா!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கடைக் கணவாய் வியாபாரி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்.

பெரியம்மா கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"யாருடா அது நண்டுன்னு சொன்னது? முன்னால வா."

ஒருவரும் வரவில்லை. ஒரு குண்டுப் பையன் மட்டும் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டான்: "கொடுக்கு எங்க?"

"கழுவிக் காயப்போட்டிருக்கேன். மழையில எங்க காயுது?"

அவ்வளவுதான், பிள்ளைகள் ஹோவென்று சிரித்துவிட்டார்கள். பெரியம்மா சூப்பு ஊற்ற நகர்ந்தாள். அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நேராக நடக்க இடம் கிடையாது. இந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவள் அங்கே பக்கவாட்டில்தான் நடந்துவருகிறாள்.

"நண்டு நடை! நண்டு நடை!"

பெரியம்மா நின்றாள். கீழே தன் காலைப் பார்த்தாள். பிறகு, வேண்டுமென்றே, வந்த வழியே பக்கவாட்டில் திரும்பி நடந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். போஹான் வான்ஜென்னின் முழங்கையை இடித்தான். "மசிஞ்சுட்டாங்க. உன் தலை தப்பிச்சுதுக்கா."

வான்ஜென்னுக்கு மூச்சு வந்தது.

கிண்ணங்கள் காலியாகும் நேரத்தில் ஒரு பெண் எழுந்து அடுப்படிக்கு வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவளுடைய புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணத் தாள் ஒட்டியிருந்தது.

"இவ யூஷி. எங்க வகுப்புல இந்தப் புத்தகத்தை அதிக தடவை படிச்சவ" என்றார் டீச்சர், பெருமையும் அலுப்புமாக.

யூஷி நேராக ஐஸ் பெட்டியிடம் போனாள். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள்.

"பெரியம்மா, இதுக்குள்ள பார்சல் போகாது."

"என்ன பார்சல்?"

"பயறோட அம்மா அனுப்புற பார்சல். இந்தக் கட்டத்துல பாருங்க, பார்சல் பெருசு. பெட்டி சின்னது. மீனும் இருக்கு, ஐசும் இருக்கு. எப்படி ஒளிச்சீங்க?"

பெரியம்மா வேகும் மீன் உருண்டைகளை அள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"ஐஸ் பெட்டியிலயா? எந்த மடச்சியாவது ஐஸ் பெட்டியில துணியை வைப்பாளா? நனைஞ்சு, மீன் நாத்தம் ஏறி, எல்லாம் வீணால்ல போகும்! சாமி மேசைக்குக் கீழ அலமாரி இருக்குல்ல, அதுலதான்..."

கரண்டி நின்றது.

பிள்ளைகளுக்கு விளையாட்டு தொடர்கிறது என்று நினைப்பு. "சாமி மேசையாம்!" என்று இரண்டு பேர் சிரித்தார்கள். யூஷி சிரிக்கவில்லை. புத்தகத்தின் ஒட்டுத்தாள்களைத் தள்ளித் தள்ளித் தேடினாள்.

"பார்சலுக்குள்ள துணின்னு எங்கயும் இல்லையே" என்றாள். "பார்சலைப் பிரிக்கற மாதிரி ஒரு படம்கூட இல்ல. நான் தேடிட்டேன். துணின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்டாவிலிருந்து எழுந்த ஆவி அவள் முகத்தை மறைத்தது.

யூஷி வான்ஜென் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கதான் தப்பா வரைஞ்சிருக்கீங்க. அடுத்த தடவை அச்சடிக்கும்போது அலமாரின்னு மாத்திடுங்க."

"மாத்திடறேன்" என்றாள் வான்ஜென். தன் குரல் வேறெங்கிருந்தோ வருவது போல இருந்தது.

அந்தப் பார்சல்களை அவள் இட்டுக்கட்டியிருந்தாள். தாய்ப்பேயிலிருந்து ஊருக்கு வரும் ரயிலில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து. "பயறுக்கு இவ்வளவு கோபம் வர ஒரு காரணம் வேணும், பிள்ளைங்க கேப்பாங்க" என்று பதிப்பகத்து அம்மாள் விடாமல் நச்சரித்ததால். நிஜத்தில் அம்மா ஒரு கடுகுகூட அனுப்பியதில்லை.

அனுப்பியதில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அடுத்த இடத்துக்குப் போகலாமா?" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் குடைகளோடு முண்டியடித்து வெளியேறினார்கள். வான்ஜென் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ" என்றாள், உதடு அசைவதே தெரியாமல். "பிள்ளைங்க காத்திட்டிருக்கு பாரு. போயிட்டு வா."

*

குன்றின் மேல் ஏறும் படிகளில் மழைநீர் வழிந்தது. வான்ஜென் முன்னால் நடந்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தச் சுவரைத்தான் வரைந்தேன், இந்தப் பூனையின் பாட்டன்தான் அந்தப் பக்கத்தில் வரும் பூனை என்று ஏதேதோ சொன்னாள். மனசு முழுக்கச் சாமி மேசைக்குக் கீழே இருந்தது.

கடைக்கு மேலே உள்ள வீட்டின் கூடத்தில் கடல்தாய் சாமி இருக்கும் சிவப்பு மேசை. அதன் கீழே இரட்டைக் கதவு அலமாரி. ஊதுபத்தியும் மெழுகுவர்த்தியும் அதில் இருக்கும் என்று பெரியம்மா சொல்வாள். சின்ன வயதில் பந்து அதன் பக்கம் உருண்டால்கூடப் போஹான்தான் எடுத்து வருவான். சாமி கோபித்துக்கொள்ளும் என்று இவளுக்குப் பயம்.

துணி. துணி என்றாளே.

படியின் உச்சியில் துறைமுகம் முழுதும் தெரிந்தது. சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு சரக்குக் கப்பல் அசையாமல் நின்றது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"ரெண்டாவது பாகத்துல பயறோட அம்மா வருவாங்களா?" என்றான் குண்டுப் பையன்.

வான்ஜென்னின் பையிலிருந்த தாள்கட்டில் அதற்குப் பதில் இருந்தது. பென்சிலில், கட்டம் கட்டமாக. இருண்ட கடல், சாயும் பாய்மரம், கடைசியில் வெறும் அலை. நேற்று வரை அது முடிந்த கதை.

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"கடல் கொள்ளைக்காரங்க பிடிச்சுட்டாங்க!"

"வேற ஊர்ல தொலைஞ்சு போயிட்டாங்க, வழி தெரியல."

"செத்துப் போயிருப்பாங்க" என்றது ஒரு மெல்லிய குரல். உடனே இரண்டு பேர் அவனைத் திட்டினார்கள்.

யூஷி கைதூக்கினாள். "உங்களுக்கு முடிவு தெரியுமாக்கா?"

"தெரியாது."

"நீங்கதானே வரையறீங்க?"

"நான்தான் வரையறேன். இருந்தாலும் தெரியாது."

யூஷி இதை நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "யாருக்குத் தெரியும் அப்போ?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து எல்லோரையும் கிளப்பினார். பிள்ளைகள் இறங்கிப் போன பிறகும் வான்ஜென் கம்பியோரம் நின்றாள். பிறகு போனை எடுத்துப் பதிப்பகத்து அம்மாளுக்கு எழுதினாள்: 'கப்பல் மூழ்கும் முடிவு வேண்டாம். புது முடிவு திங்கட்கிழமைக்குள் வராது. மன்னிக்கவும்.'

உடனே போன் மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. படிகளில் ஓடினாள்.

*

மதியத்தோடு கடை முடிந்திருந்தது. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. போஹான் கையில் துடைப்பத்தோடு மாடிப்படியடியில் நின்றான்.

"மேல இருக்காங்க. என்னக்கா நடக்குது? அம்மா என்னோட ஒரு வார்த்தை பேசல. என்னைத் திட்டக்கூட இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"நீயும் வா."

மேல்மாடிக் கூடத்தில் பெரியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியின் இரண்டு கதவும் திறந்திருந்தன. அவளைச் சுற்றிப் பார்சல்கள். பழுப்புத் தாள் சுற்றியவை, வெள்ளைத் துணியில் தைத்தவை, சணல் கயிறு கட்டியவை. சிலவற்றின் மூலை எலி கடித்திருந்தது.

வான்ஜென் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் பெரியம்மா. "அதை மட்டும் சொல்லு. இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். இவன் சொன்னானா? நீயே வந்து அலமாரியைத் திறந்தியா?"

"எது?"

"புத்தகத்துல போட்டியே! உன் புத்தகத்தை எந்தப் பக்கத்துலருந்து படிக்கறதுன்னுகூட எனக்குப் புரியல. கடைசிப் பக்கத்துலருந்து பாத்தேன். நடுவுல வந்தா, நான் பார்சலை ஒளிக்கறேன். எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. சரி, பொண்ணு கண்டுபிடிச்சுட்டா, என்கிட்ட நேர்ல கேக்காம ஊருக்கே படம் போட்டுக் காட்டி என்னை நாறடிக்கறான்னு நினைச்சேன். நண்டா வரைஞ்சதுக்கா நான் மூஞ்சியைத் தூக்கிட்டிருந்தேன்? நண்டு நல்லாத்தான் இருந்துச்சு."

"பெரியம்மா," என்றாள் வான்ஜென். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அது கற்பனை."

"என்னது?"

"நானா யோசிச்சது. ரயில்ல வரும்போது தோணுச்சு. கதைக்கு ஒரு காரணம் வேணும்னு கேட்டாங்க, போட்டேன்."

"அப்போ..." பெரியம்மா மெல்லச் சொன்னாள். "நான் இன்னிக்கு வாயை மூடிட்டு இருந்திருந்தா?"

"எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

போஹானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத சத்தம். பெரியம்மா அவனை முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையானது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

வான்ஜென் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. குனிந்து கைக்கு வந்த ஒரு பார்சலை எடுத்துத் தாளைக் கிழித்தாள். மஞ்சள் நிறக் கம்பளிச் சட்டை. எட்டு வயதுப் பிள்ளைக்கானது. சட்டையின் கைக்குள் இப்போது அவளுடைய நாலு விரல்தான் போகும்.

"ஏன்?" என்றாள்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் பார்சலை உன்கிட்ட கொடுத்தேன்டி. சிவப்பு ஷூ."

"அது நீங்க வாங்கித் தந்ததுன்னு நினைச்சேன்."

"உங்கம்மா அனுப்புனது. அதைப் போட்டுக்கிட்டு தினம் துறைமுகத்துக்கு ஓடிடுவே. ஷூ வந்துடுச்சு, அம்மா அடுத்த கப்பல்ல வருவான்னு. கொட்டற மழையில நிப்பே. இழுத்துட்டு வந்தா மறுபடி ஓடுவே. நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில போட்டோம். பிழைக்கறது கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, நீ எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்ச அன்னிக்குத்தான் ரெண்டாவது பார்சல் வந்துச்சு. நான் என்ன செய்வேன்? உள்ள தள்ளிக் கதவைச் சாத்துனேன்."

"அப்ப எனக்கு ஆறு வயசு. பத்து வயசுல நல்லாத்தானே இருந்தேன்? பதினஞ்சுல?"

"பத்து வயசுல எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் எங்க இருந்துச்சுன்னு கேப்பியே. பதினஞ்சுல அதைவிடக் கஷ்டம். ஒவ்வொண்ணா உள்ள போகப் போக, கதவைத் திறக்கற தைரியம் போயிடுச்சு. சாமிக்குக் கீழதானே வெச்சிருக்கோம், சாமிக்குத் தெரிஞ்சுதானே இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"போன் பண்ணாங்களா?"

"முதல்ல பண்ணா. 'பிள்ளை இப்பத்தான் மறந்திருக்கு, கலைக்காத'ன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் பண்ணல. பார்சல் மட்டும் வரும்." குரல் இறங்கியது. "அவ வந்து கூப்பிட்டா நீ போயிடுவேன்னு ஒரு பயம். பொய் எதுக்குச் சொல்லணும், அதுவும் இருந்துச்சு."

வான்ஜென் மஞ்சள் சட்டையை மடித்தாள். ஒழுங்காக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"அம்மா என்னை மறந்துட்டாங்கன்னு நினைச்சுத்தான் நான் வளர்ந்தேன் பெரியம்மா. அதை வெச்சுத்தான் வரையவே ஆரம்பிச்சேன். இப்ப எனக்கு உங்க மேல எவ்வளவு கோவம் வருதுன்னு எனக்கே தெரியல. கொஞ்சம் நேரம் கழிச்சு வரும்னு நினைக்கறேன்."

"வரட்டும்" என்றாள் பெரியம்மா. "வந்தா என்கிட்டயே காட்டு. புத்தகத்துல வேண்டாம்."

வான்ஜென் நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மாவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"எது?"

"பார்சல். எந்த வருஷத்தோட நின்னுச்சு?"

போஹான் ஒரு பார்சலைக் கையில் எடுத்துத் தலையைச் சொறிந்தான். "இதுல கட்டியிருக்கே, பச்சை நாடா... அம்மா, போன மாசம் தபால்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு நான் வாங்குனேனே, மூட்டுவலி மருந்துன்னு சொன்னியே, அது இதுதானே?"

வான்ஜென் அதை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். தாள் புதிதாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது ஜப்பான்லருந்து வரல."

"வேற எங்கேருந்து வரும்?" என்றாள் பெரியம்மா. "நான் பாக்கறதே இல்ல. வந்ததும் உள்ள தள்ளிடுவேன்."

"நம்ம நாட்டு தபால்தலை பெரியம்மா. முத்திரையைப் பாருங்க. சூவாவ்."

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். மூன்று தலைகளும் அந்த வட்ட முத்திரை மேல் குனிந்தன. சூவாவ். கிழக்குக் கரை மீன்பிடித் துறைமுகம். காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். இந்தக் கடைக்கே அங்கிருந்து எத்தனையோ தடவை கானாங்கெளுத்தி வந்து இறங்கியிருக்கிறது.

"இங்கேயா இருக்கா?" என்றாள் பெரியம்மா. "இவ்வளவு கிட்டவா?"

வான்ஜென் அனுப்பியவர் பெயரைத் தேடினாள். இருந்தது. அம்மாவின் பெயர் அல்ல. லியாவ் யூடிங். கோணல்மாணலான பெரிய எழுத்து. ஒரு கோடு அழுத்தி, ஒரு கோடு நழுவி. இன்று காலை வந்த பிள்ளைகள் இப்படிப்பட்ட எழுத்தில்தான் புத்தகங்களில் தங்கள் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள்.

"லியாவ்ங்கற குடும்பப் பேர்ல நமக்கு யார் இருக்கா?" என்றான் போஹான்.

"ஒருத்தரும் இல்ல" என்றாள் பெரியம்மா.

வான்ஜென் நாடாவை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சாம்பல் நிற மழையங்கி, பெரியவர்கள் அளவில். அதன் மடிப்புக்குள் நான்காக மடித்த வரைதாள். பிரித்தாள்.

அளவுகோல் வைத்து இழுத்த கட்டங்கள். உள்ளே வண்ணப் பென்சில் படங்கள். முதல் கட்டத்தில் ஒரு பெண் படகுத் துறையில் மீன் பிரிக்கிறாள். இரண்டாவதில் அதே பெண் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கிறாள். புத்தக அட்டையில் கூரையும் கப்பலும். மூன்றாவதில் அவள் முகம் தெரியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை கையில் பென்சிலோடு நிற்கிறது.

நான்காவது கட்டத்தில் படம் இல்லை. எழுத்துத்தான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் பெரியம்மா. "கண்ணாடி போட்டும் தெரியல. படி."

வான்ஜென் தயங்கினாள்.

"படிடி."

"'அக்கா, நண்டுப் பெரியம்மா நல்லவங்களா, கெட்டவங்களா? அம்மாகிட்ட கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க.'"

போஹான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். அது சறுக்கி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பெரியம்மா தரையில் கை ஊன்றி எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது.

"போஹான், நாளைக்குக் கடை இல்லைன்னு எழுதி மாட்டு."

"சனிக்கிழமைம்மா! புயலடிச்சப்பகூட நாம மூடல."

"எழுதுடா." வான்ஜென் பக்கம் திரும்பினாள். "உன்னோட நானும் வரேன். நான் மறைச்சேன், தப்புத்தான், அந்தப் பிள்ளைகிட்ட நானே சொல்றேன். ஆனா இவ்வளவு கிட்ட வந்து உக்காந்துக்கிட்டு, ஒரு நாள்கூட உங்கம்மா ஏன் வந்து இந்தக் கதவைத் தட்டல? அதை நான் அவளைக் கேக்கணும்."

வான்ஜென் மழையங்கியை உதறிப் போட்டுக்கொண்டாள். சரியாக இருந்தது.

"காலைல முதல் ரயில்" என்றாள். "தூங்கிடாதீங்க பெரியம்மா."